நார்தோஸ்

இமயமலைச் செடியான சடாமாஞ்சிலையும் அதன் வேர்த்தண்டிலிருந்து எடுக்கும் நறுந்தைலத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொல். எபிரேயத்தில் நேர்த், வடமொழியில் நலத, பழைய தமிழ் விவிலியத்தில் நளதம். பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவின் தலையில் ஊற்றியது இதுவே (மாற்கு 14:3). 300 தெனாரியத்துக்கு மேல் விற்றிருக்கலாமே என்று அங்கிருந்தவர்கள் முறுமுறுத்தார்கள். கூலியாள் ஒருவரின் ஏறத்தாழ ஓராண்டுச் சம்பாத்தியம் அது.

செடி வளரும் உயரமும் கடந்து வந்த தொலைவும் அந்த விலைக்குப் பெருங்காரணம். சுமார் 3000 மீட்டருக்கு மேலேதான் அது செழிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க வணிகக் கையேடான 'எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ்', கங்கைப் பகுதி நார்தோஸ் சேரநாட்டு முசிறி வட்டாரத்தில் கப்பலேறியதைச் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் முசிறி பாப்பிரசும் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் சென்ற கங்கை நார்தோஸைக் கணக்கிடுகிறது.

சித்த மருத்துவத்தில் சடாமாஞ்சில் இன்றும் வழங்குகிறது. மலையில் மிதமிஞ்சித் தோண்டியதால் செடி அருகிவிட்டது. அதன் பன்னாட்டு வணிகம் இப்போது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.