பாட்டும் பெயரும்: கைப்பேசி இசைச் செயலிகள் பற்றிய ஒரு வரலாற்று ஒப்பீடு

பரிபாடலை 1918ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் பதிப்பித்து வெளியிட்ட போழ்து தமிழுலகம் பெற்ற செல்வம் பாடல்கள் மட்டும் அன்று. பெரும்பாலான பாடல்களின் இறுதியில், அதனைப் பாடிய புலவர் இன்னார், அதற்கு இசை வகுத்தவர் இன்னார், அதற்குரிய பண் இன்னது என்னும் மூன்று செய்திகளும் அடைவே குறிக்கப்பட்டிருந்தன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்ற பண் வரிசையில் அந் நூல் அமைந்திருத்தலும் தெரியவந்தது. சொல்லை யாத்தவர் வேறு, இசையை வகுத்தவர் வேறு எனப் பிரித்தறிந்து, இருவர் பெயரையும் பாட்டொடு பிணைத்து வைத்தனர் நம் முன்னோர். அக் குறிப்புகள் இல்லையாயின் மருத்துவன் நல்லச்சுதனார் என்றொரு இசையாசிரியர் வாழ்ந்தார் என்பதனையே நாம் அறிந்திருத்தல் இயலாது.

இக் காலத்தே பாட்டு ஏட்டில் வருவதில்லை, கைப்பேசியில் வருகின்றது. பாட்டினை முழுதும் வாங்கி வைத்துக்கொள்ளாது, இணையத்தின் வழி வரவரக் கேட்கும் இம் முறையினை ஸ்ட்ரீமிங் என வழங்குகின்றனர். இதனை நடத்தும் நிறுவனங்கள் பலவாதலின் அவற்றை ஒப்பிடும் எழுத்தும் பலவாயின. மாதக் கட்டணம் எவ்வளவு, ஒலியின் தெளிவு எத்தகையது, பாடல்களின் தொகை எத்துணை என்பனவே அவ் எழுத்துகளில் ஆராயப்படுவன. யாம் ஈண்டு ஒப்பிடக் கருதுவது அவற்றுள் ஒன்றனையும் அன்று. பாட்டு ஒன்று கேட்போர் கைக்கு வந்து சேருங்கால் அதனொடு யார் யார் பெயர் உடன் வருகின்றன, யார் பெயர் வழியில் உதிர்ந்து போகின்றது என்பதே எம் வினா. வகுப்பறையில் திரைப்பாடல் ஒன்றனைக் குறிப்பிட்டு, "இஃது யார் பாடல்?" என யாம் வினவியபோது, முதுகலை மாணவர் பலரும் பாடகர் பெயரையோ இசையமைப்பாளர் பெயரையோ கூறினரேயன்றி எழுதிய கவிஞர் பெயரைக் கூறினாரிலர். அதுவே இவ் ஆராய்ச்சிக்குத் தோற்றுவாய்.

ஒலிப்பதிவு இந்நாட்டிற்கு வந்த காலத்திலேயே இச் சிக்கலும் உடன் வந்தது. 1902ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியின் சார்பில் பிரெடு கெய்ஸ்பெர்கு என்பார் கல்கத்தாவிற்கு வந்து கௌஹர் ஜான் என்னும் பாடகியாரின் பாட்டைப் பதிவு செய்தார். பதிவுகள் தட்டாக அச்சிடப்படுதற்கு ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகரத்திற்கு அனுப்பப்பட்டன. பாட்டின் முடிவில் அப் பாடகியார் தம் பெயரைத் தாமே உரக்கக் கூறி முடித்தார். அயல்நாட்டுத் தொழிலாளர் தட்டின் நடுவிலுள்ள வட்டத் தாளில் பெயரைப் பிழையின்றிப் பொறித்தற்கு அஃது உதவிற்று என்பர். பாட்டின் உள்ளேயே பெயரைப் பொதிந்து வைத்த அம் முறை, பரிபாடற் குறிப்பினும் ஒருபடி மேற்சென்றது எனலாம். பாட்டு இருக்குமளவும் பெயரை அதனின்று நீக்குதல் அரிதன்றோ? பின்னர் வந்த திரையிசைத் தட்டுகள் பலவற்றின் வட்டத் தாளில் படம், பாடியவர், இசையமைத்தவர் என்னும் இவற்றொடு பாடலாசிரியர் பெயரும் இடம்பெற்றது. வானொலி அறிவிப்பாளர்களும் இம் மரபினை வாய்மொழியாகப் போற்றி வந்தனர்.

இனி, பெயர் உதிர்ந்த இடத்தைக் காண்பாம். எம்பி3 என்னும் ஒலிக்கோப்பு முறை 1990-களின் நடுவில் பரவத் தொடங்கியபோது, அதன்கண் பாட்டின் பெயரை எழுதுதற்கென ஓர் இடமே வகுக்கப்பட்டிலது. இக் குறையை நீக்கும் பொருட்டு 1996ஆம் ஆண்டில் எரிக் கெம்ப் என்பார் ஐ.டி.3 என்னும் குறிப்புச் சீட்டு ஒன்றை அமைத்தார். கோப்பின் இறுதியில் 128 பைட்டு அளவினதாக ஒட்டப்பெறும் அச் சீட்டில் பாட்டின் தலைப்பிற்கு 30, கலைஞர் பெயருக்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30, ஆண்டிற்கு 4, பிற குறிப்பிற்கு 30, இசைவகைக்கு 1 என இடங்கள் பகுக்கப்பட்டன. எஞ்சிய 3 சீட்டின் அடையாளத்திற்கு உரியன. அவ்வளவே. இசை வகுத்தவருக்கு அதன்கண் தனியிடம் இல்லை. சொல் யாத்தவருக்கும் இல்லை. இசைவகைக்கென முதலில் எண்ணிட்டுத் தந்த 80 வகைகளுள் கருநாடக இசையும் இந்துஸ்தானி இசையும் இல்லை. மேனாட்டு இசைக்குழு ஒன்று தானே எழுதித் தானே பாடித் தன் பெயராலேயே வெளியிடும் பாட்டினை மனத்துட் கொண்டு வகுத்த சீட்டு அஃது. அதனை வகுத்தவர்மேற் குற்றம் கூறுதல் எம் கருத்தன்று. 128 பைட்டில் ஒருவர் வேறென் செய்ய இயலும்?

அச் சீட்டில் எழுத்துகளும் உரோமன் எழுத்துகளாகவே இருத்தல் வேண்டிற்று. தமிழெழுத்தை யூனிகோடு முறையில் யு.டி.எப்-8 வடிவில் எழுதின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு இடம் வேண்டும். அவ்வாறு எழுத ஒப்பினும், 30 பைட்டில் பத்துக் குறிக்குமேல் அடங்கா. மெய்யெழுத்திற்குப் புள்ளியும் ஒரு குறியாதலின் ஒரு சொல்லே முற்றுப்பெறாது நின்றுவிடும். 1998இல் தோன்றிய இரண்டாம் ஐ.டி.3 முறை இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனி இடம் தந்தது. பிற மொழி எழுத்துகளுக்கும் இடந் தந்தது. எனினும் அதற்குள் பழக்கம் வேரூன்றிவிட்டது. தமிழ்ப் பாடல்களின் பெயர்கள் இன்றும் செயலிகளிற் பெரும்பாலும் உரோமன் எழுத்திலேயே காணப்படுகின்றன. ழகரத்தை ஒருவர் ஓரெழுத்தாலும் மற்றொருவர் ஈரெழுத்தாலும் குறிப்பர்; குறில் நெடில் வேறுபாட்டை ஒருவர் காட்டுவர், ஒருவர் காட்டார். ஒரே பாட்டு இரண்டு மூன்று எழுத்து வடிவங்களில் வெவ்வேறு பாட்டுப்போல் நிற்றல் இதனால் விளைந்தது. ஏடெழுதுவோர் பிழையால் நேர்ந்த பாடபேதங்களை ஆராய்ந்து பழகிய நமக்கு இஃது புதுமையன்று.

இடைநின்ற வரலாற்றினைச் சுருங்கக் கூறுவாம். 1999இல் தோன்றிய நாப்ஸ்டர், கோப்புகளை ஒருவர்க்கொருவர் இலவசமாகப் பகிரும் வழியைத் திறந்து, 2001இல் நீதிமன்ற ஆணையால் நின்றது. அவ் ஆண்டு டிசம்பரில் ராப்சடி என்னும் சேவை, மாதக் கட்டணத்திற்கு வேண்டிய பாட்டைக் கேட்கும் முறையை அமெரிக்காவில் தொடங்கிற்று. 2003இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் கடை பாட்டொன்றை 99 சென்டு விலைக்கு விற்றது. ஸ்டாக்ஹோம் நகரில் டேனியல் ஏக், மார்ட்டின் லோரன்ட்சோன் என்னும் இருவரும் 2006இல் நிறுவிய ஸ்பாட்டிஃபை 2008 அக்டோபரில் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் வெளிவந்து, 2011இல் அமெரிக்காவையும் 2019 பிப்ரவரியில் இந்தியாவையும் அடைந்தது. ஆப்பிள் மியூசிக் 2015 ஜூன் 30ஆம் நாள் இந்தியா உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஒருங்கே தொடங்கப்பெற்றது. இந்நாட்டில் அவற்றிற்கு முற்பட்டன சாவன் (2007), கானா (2010), ஏர்டெல் நிறுவனத்தின் விங்க் (2014) என்பன. சாவன் 2018இல் ஜியோ மியூசிக்கொடு இணைந்து ஜியோசாவன் ஆயிற்று.

பாட்டை எவ்வாறு வகுத்துக் கேட்போர்க்குப் பரிந்துரைப்பது என்பதில் இச் சேவைகள் தம்முள் வேறுபட்டமை சுவையான செய்தியாகும். பாண்டோரா என்னும் அமெரிக்கச் சேவை, இசைப் பயிற்சியுடையாரை அமர்த்தி, ஒவ்வொரு பாட்டையும் செவியாற் கேட்டு, சுருதி, தாளம், குரலின் இயல்பு முதலாக நானூற்றின் மேற்பட்ட கூறுகளாற் பகுத்துக் குறிக்கச் செய்தது. ஸ்பாட்டிஃபையோ 2014இல் எக்கோ நெஸ்ட் என்னும் நிறுவனத்தை வாங்கி, ஒலியைக் கணிப்பொறியால் அளத்தலையும் கேட்போர் தொகுத்த பட்டியல்களை ஒத்துநோக்குதலையும் தன் முறையாகக் கொண்டது. 2015 முதல் திங்கட்கிழமைதோறும் அது தரும் 30 பாடற் பட்டியல் இவ்வாறு அமைவதே. முன்னது பாட்டின் இயல்பு பற்றிய பகுப்பு. பின்னது கேட்போரின் பழக்கம் பற்றிய பகுப்பு. தேவாரப் பதிகங்களைப் பண்முறையால் அடைவு செய்தோரும் தலமுறையால் அடைவு செய்தோரும் நம்மிடையே உண்டு. பண்முறை பாடுவார்க்கும், தலமுறை வழிபடச் செல்வார்க்கும் உரியன. எனவே அடைவு என்பது பயன்படுத்துவோர் யார் என்பதனைக் காட்டிக்கொடுக்கும். ஸ்பாட்டிஃபையின் அடைவு, அடுத்த பாட்டையும் நிறுத்தாது கேட்பார் ஒருவரை எதிர்நோக்கி அமைந்தது. ஆராய்வார் ஒருவரை எதிர்நோக்கியது அன்று.

'கலைஞர்' என்னும் ஒற்றை இடம் இவ் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான மரபாயிற்று. தமிழ்த் திரைப்பாடல்களை இவற்றில் தேடிக் காண்பார், இசையமைப்பாளரும் பாடகரும் சிலவேளை பாடலாசிரியரும் ஒரே வரியில் காற்புள்ளியிட்டு நிறுத்தப்பட்டிருத்தலைக் காண்பர். எவர் எப் பணி செய்தார் என்பது அவ் வரியால் விளங்காது. ஸ்பாட்டிஃபை 2018இல் எழுதியோர் பெயரைத் தனியே காட்டும் பகுதியொன்றைச் சேர்த்தது. ஆயின் அதனைக் காணப் பட்டியொன்றைத் திறந்து உட்செல்லுதல் வேண்டும், இசை நிறுவனங்கள் தந்த விவரமே அதன்கண் உளது, தாராதவிடத்து வெற்றிடமே. 2021இல் அச் செயலி பாட்டின் வரிகளையும் திரையிற் காட்டத் தலைப்பட்டது. அவ் வரிகளின் அடியில் பெயரொன்று காணப்பட்டது. ஆவலொடு நோக்கினோம். அது கவிஞர் பெயரன்று. வரிகளைத் திரட்டித் தந்த மியூசிக்ஸ்மேட்ச் என்னும் இத்தாலிய நிறுவனத்தின் பெயர்! ஆப்பிள் மியூசிக் இவ் ஒன்றில் மேம்பட்டது: விவரம் உள்ளவிடத்து, வரிகள் முடியுமிடத்தில் எழுதியோர் பெயரை அது தருகின்றது. எனினும் ஆண்டும் சொல்லெழுதியோரும் இசையமைத்தோரும் ஒரே தலைப்பின்கீழ் அடங்குவர்.

இம் மரபு மாற்றவியலாத ஒன்று எனக் கூறுவாரும் உளர். அற்றன்று. மேனாட்டுச் செவ்வியல் இசையில் ஒரே படைப்பினை நூற்றுக்கணக்கான குழுவினர் வாசித்துளர். இயற்றியவர், படைப்பு, அதன் உட்பகுதி, நடத்துநர், குழு எனப் பல செய்திகளும் வேண்டும். கலைஞர், தொகுப்பு, பாட்டு என்னும் மூன்று பெட்டிகளுள் இவை அடங்கா. பெர்லினில் இடாஜியோ என்னும் சேவை இதற்கெனவே தோன்றிற்று. ஆப்பிள் நிறுவனம் பிரைம்ஃபோனிக் என்னும் டச்சுச் சேவையை 2021இல் வாங்கி, 2023 மார்ச்சு 28ஆம் நாள் செவ்வியல் இசைக்கெனத் தனிச் செயலியொன்றையே வெளியிட்டது. கட்டணம் செலுத்துவோர் வேண்டி நின்றமையால் பெட்டிகள் பெருகின. ஆகவே குறை பொறியின்கண் இல்லை. வேண்டுவோர் இன்மையே குறை என்பது எம் துணிபு.

பெயர் வெறும் புகழுக்கு உரியதன்று, பொருளுக்கும் உரியது. இச் சேவைகளில் ஒரு பாட்டு 30 வினாடியேனும் ஒலித்தால் ஒரு கேட்பு எனக் கணக்கிடுதல் வழக்கு. பெரும்பாலும், திரண்ட வருவாயைக் கேட்புகளின் விகிதப்படி பகுப்பர். சவுண்டுகிளவுடு என்னும் சேவை 2021இல் இதற்கு மாறாக, ஒவ்வொருவர் தரும் கட்டணமும் அவர் கேட்ட கலைஞர்க்கே சேருமாறு ஒரு முறையைப் புகுத்திற்று. ஸ்பாட்டிஃபையோ 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் கேட்புகளை எட்டாத பதிவிற்குப் பதிவுரிமைப் பங்கு இல்லையென விதித்தது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், திரைப்படத்திற்கு எழுதிய கவிஞரும் இசையமைத்தவரும், திரையரங்கில் படம் காட்டுதல் ஒழிந்த பிற பயன்பாடுகளில் தமக்குரிய பங்கினை விட்டுக்கொடுத்தல் செல்லாது என வகுத்தது. கைப்பேசியில் ஒலிக்கும் பாட்டு அத்தகைய பிற பயன்பாடேயாம். சட்டம் பங்கினைத் தந்தது; ஆயின் பங்கு சென்று சேர்தற்குப் பெயர் சீட்டில் இருத்தல் வேண்டும். மறைந்த கவிஞர் ஒருவரின் வழித்தோன்றல்கள், எம் முன்னோர் எழுதியது இஃது என நிறுவ முற்படுங்கால், செயலியின் வெற்றிடம் அவர்க்கு எதிர்ச்சான்றாக நிற்கும்.

இச் சேவைகளின் நிலையாமையும் கருதத் தக்கது. கூகுள் பிளே மியூசிக் 2020இல் மூடப்பட்டு, அதன் பயனர் தொகுப்புகள் யூடியூப் மியூசிக்கிற்கு மாற்றப்பட்டன. பத்தாண்டு நடந்த விங்க் செயலியும் 2024இல் மூடப்படுமென அறிவிக்கப்பட்டது. கடை மூடிய பின் அதன் அட்டவணை எங்குளது? தட்டு உடைந்தாலும் வட்டத் தாள் எங்கேனும் ஒருவர் பெட்டியில் எஞ்சியிருக்கும். செயலியின் அட்டவணைக்கு அத்தகைய எச்சம் இல்லை. தேவார ஏடுகள் தில்லையிற் கிடைத்த பின்னும் அவற்றிற்குரிய பண்கள் தெரியாதொழிய, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியின்பால் அவற்றைக் கேட்டுத் தெளிந்தனர் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும்.

ஆதலின் திரைப்பாடல் பற்றி ஆராயப் புகும் மாணவர், செயலியின் அட்டவணையை முதற்சான்றாகக் கொள்ளாது, தட்டுகளின் வட்டத் தாள்களையும், திரையரங்க வாயில்களில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களையும், படத்தின் பெயர்ப் பட்டியலையும் ஒத்துநோக்குதல் வேண்டும். பாட்டுப் புத்தகமும் குறையுடைத்தே. கவிஞர் பலர் எழுதிய படத்திற்கு முகப்பில் அவர் பெயரனைத்தையும் ஒருங்கே நிரல்படுத்தி, எப் பாட்டு எவருடையது எனக் கூறாது விட்ட புத்தகங்களும் உள. அத்தகைய இடங்களில் வட்டத் தாள் ஒன்றே துணையாம். அதுவும் கிட்டாவிடத்து, ஆசிரியர் பெயரைக் காணிற்றிலேம் எனக் குறித்துச் செல்லலே தக்கது. நடை நோக்கி ஊகித்து ஒருவர் பெயரை ஏற்றுதல் கூடாது.