பியானாவில் பிழைத்த மொழி

பலெர்மோத் தமிழர் சைவம், வேதம் என்று பாராமல் சாந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறுவோம். நகரத்துக்குத் தெற்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு அப்பால் இருக்கும் பியானா தெலி அல்பனேசிக்குப் போனவர்கள் எங்களில் மிகச் சிலரே. அதுவோ எங்களைப்போல ஓடி வந்தவர்களின் ஊர்.

பஸ்ஸால் இறங்கினால் பெயர்ப்பலகைகள் இரு மொழிகளில். அல்பேனியத் தலைவன் ஸ்கந்தர்பெக் 1468இல் இறந்தபின் ஒட்டோமான் துருக்கியரின் கை ஓங்கியது. கடல் கடந்தவர்களில் ஒரு பகுதியினர் 1488இல் மொன்றியாலே பேராயரிடம் எழுத்து மூலம் நிலம் பெற்று இங்கே குடியமர்ந்தனர். கிரேக்க முறையில் வழிபட்டதால் அயலவருக்கு அவர்கள் கிரேக்கர். 1941 வரை ஊரின் பெயரே ‘கிரேக்கர்களின் சமவெளி’தான். (எங்களை இந்தியர் என்று கூப்பிடும் சந்தைக் கடைக்காரரை மன்னித்துவிடலாம்.)

ஐந்நூறு வருடத்துக்கு மேலாகியும் தெருவில் அந்த மொழி கேட்கிறது. நாட்டுச் சட்டம் அதை அங்கீகரித்தது 1999இல்தான். அதுவரை காத்தது யார்? கோயில் என்று சொல்லத் தோன்றும். இவ்வூரில் பிறந்த பாதிரியார் ஜோர்ஜோ குசெத்தா 1734இல் பலெர்மோவில் தம்மவர்க்கென்று ஒரு குருமடம் நிறுவினார். படித்த தலைமுறையொன்று அதிலிருந்து வந்தது, உண்மை. ஆனால் அல்பேனியர் குடியேறிய மெத்சொயூசோவிலும் பலாற்சோ அத்ரியானோவிலும் அதே கிரேக்க வழிபாடு இன்றும் நடக்கிறது. மொழி எப்போதோ போய்விட்டது. அவ்வூர்களின் சதுக்கத்தில் கிரேக்க முறைக் கோயிலும் இலத்தீன் முறைக் கோயிலும் நிற்கின்றன. சிசிலியரோடு கலந்து வாழ்ந்த இடத்தில் சாமிக்குச் சடங்கு மிஞ்சியது, கடைக்கும் வயலுக்கும் சிசிலிய மொழியே போதுமாயிற்று. பியானாவில் அவர்களே பெரும்பான்மை. விலை பேசவும் வேலி வழக்குத் தீர்க்கவும் சொந்த மொழி வேண்டியிருந்தது. மொழியைக் காத்தது பலிபீடத்தைவிட இந்தச் சில்லறை அலுவல்களே என்பது எங்கள் எண்ணம்.

மதியம் கத்தராத்தோ வெள்ளைத் திராட்சை வைனோடு சாப்பிட்டபோது எங்களுக்குள் இதே பேச்சுத்தான். அவர்கள் கூட்டமாக வந்தார்கள், நிலத்துக்குப் பத்திரம் இருந்தது. நாங்கள் ஒவ்வொருவராக வந்து, வாடகை அறைகளில் சிதறி இருக்கிறோம். எங்களுக்கும் கோயில் உண்டு, திருவிழா உண்டு, தமிழ் வகுப்பும் உண்டு. வகுப்பில் பிள்ளைகள் ‘அம்மா, ஆடு’ என்று அழகாக எழுதுகிறார்கள். இடைவேளை மணி அடித்ததும் பலெர்மோ வழக்கில்தான் சண்டை பிடிக்கிறார்கள்.