ஆறு தோட்டா, பத்துத் தோட்டா

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, கிள்ளானிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன் கைப்பேசியை நீட்டினான். "அண்ணே, ஆயிரம் யார்டு தூரத்துக்கு 6.5 கிரீட்மோர் நல்லதா, .308 நல்லதா?" தீபாவளிப் பட்டாசைத் தவிர எதையும் வெடித்தறியாதவன்.

கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். 2007இல் வந்த கிரீட்மோரின் குண்டு மெலிந்து நீண்டது. பக்கக் காற்றுக்கு அதிகம் விலகாது, தோளிலும் குறைவாகவே உதைக்கும். தூரத்துக்கு அதுதான். ஆனால் நம்ம காட்டில் ஆயிரம் யார்டு எங்கே இருக்கு? முப்பது யார்டுக்கு அப்பால் இலைதான் தெரியும். செலாடாங் என்கிற காட்டெருமை அந்த இலைக்குப் பின்னால் நிற்கும். அதற்கு வேண்டியது கனமான குண்டு. .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் குண்டு சுமார் 32 கிராம், ராணுவ.303 குண்டைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அந்த .470 பிறந்ததற்குக் காரணம் எந்த மிருகமும் இல்லை. 1898இல் வந்த .450 அதே வேலையை நன்றாகவே செய்துகொண்டிருந்தது. ஆனால் பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளும் .450 அளவுதான். அந்தக் குண்டுகள் கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று பயந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் அந்த அளவையே தடை செய்தார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 என்று அளவை ஒரு நூல் கூட்டி விற்றன. துரைக்கு வேட்டை நிற்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் பழைய ரயில் நிலையம். அதைக் கட்டிய ஹப்பக்கின் தம்பி தியோடர் ஹப்பக், மலாயாவின் பேர்போன வேட்டைக்காரர். 1905இல் யானை, செலாடாங் வேட்டை பற்றிப் புத்தகமே போட்டார். பிறகு மனம் மாறி, இன்றைய தாமான் நெகாராவுக்காகப் பல வருடம் போராடினார். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் துரைமார் பட்டியல் புரட்டித் தோட்டா தேர்ந்தெடுத்த காலத்தில், எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றியை நாயும் ஈட்டியும் வைத்துத்தான் விரட்டினார்கள் என்பார் தாத்தா. தோட்டத்தில் இருந்தோம், தோட்டா எங்களிடம் இல்லை.

1948 ஜூனில் அவசரகாலம். உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலும், வெறும் தோட்டா மட்டும் வைத்திருந்தாலும் தூக்கு என்றது சட்டம். தடை செய்யப்பட்ட அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ.கணபதி, 1949 மார்ச்சில் ஒரு கைத்துப்பாக்கியோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். நேரு அரசு கேட்டும் பலனில்லை. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கு.

இன்னொருவர் சாம்பசிவம். ஜொகூர்க்காரர், அவரும் தொழிற்சங்கத்துக்காரர். ஒரு துப்பாக்கி, பத்துத் தோட்டா என்று இரண்டு குற்றச்சாட்டு. தோட்டா குற்றச்சாட்டில் விடுதலை ஆனார். துப்பாக்கிக்கு மறு விசாரணை, மரண தண்டனை. அந்த மறு விசாரணையில், தோட்டாவும் வைத்திருந்ததாகச் சொல்லும் அவருடைய வாக்குமூலத்தை அரசுத் தரப்பு காட்டியது. அதில் அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பதை அசெஸர்களிடம் யாரும் சொல்லவில்லை. விடுதலை என்றால் அந்த விஷயத்தில் அதுவே முடிவு என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் தண்டனையை ரத்து செய்தது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அவர் தொழிற்சங்கத்துக்காரர் என்று தெரியும்?

தம்பி சோற்றைப் பிசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "கணபதிகிட்ட இருந்த ஆறும் எவ்ளோ தூரம் போகும்ணே?"

"கைத்துப்பாக்கித் தோட்டாடா. ஐம்பது யார்டு தாண்டினா குறியே வைக்க முடியாது."

புடு சிறையின் மதிலை 2010 ஜூனில் இடித்தார்கள். அவன் அன்று சாயங்காலம் கூட்டாளிகளோடு படம் பார்க்கப் போக இருந்தது, அந்த இடத்தில் இப்போது நிற்கிற பேரங்காடிக்குத்தான்.