குழந்தைக்கு ஊசி போட்டாச்சு, ஆயாவுக்கு?

மும்பையில் பரேல் பக்கம் போய்வருகிற நம்மவர்கள் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் என்ற போர்டையாவது பார்த்திருப்பார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை, கைக்குழந்தையை கிரெஷ்ஷில் விட்டுவிட்டு ஆபீஸ் ஓடுகிற நம் எல்லோருக்கும் வேண்டிய கதை.

1896-ல் பம்பாயில் பிளேக். ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. ஒடெஸாவில் பிறந்த வால்டெமர் ஹாஃப்கின் இங்கே வந்து தடுப்பூசி தயாரித்தார். 1897 ஜனவரி 10-ம் தேதி முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். பைகுல்லா சிறைக் கைதிகளுக்குப் போட்டதெல்லாம் அதற்கப்புறம்தான். ஜனங்கள் பயந்து ஒதுங்கியபோது, அன்றைய ஆகா கான் பலர் பார்க்கத் தானே போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து அவர் சமூகத்தார் ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

பயம் காரணமில்லாமல் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1902-ல் பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் ஒரே பாட்டில் மருந்தில் போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது. அவர் மேல் தப்பில்லை என்று தெளிவாக 1907 ஆயிற்று. ஆகவே தயங்குகிறவரை 'படிக்காதவர்' என்று திட்டுவதில் பிரயோஜனமில்லை. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னும் பின்னால் போனால், 1802 ஜூன் 14-ம் தேதி இந்தியாவில் முதன்முதலாக அம்மை குத்திக்கொண்டதும் இதே பம்பாயில், அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைதான். அன்றிலிருந்து நாம் குழந்தையின் கையைத்தான் பார்க்கிறோம். குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவரின் கையைப் பார்ப்பதில்லை!

கொரோனா சமயத்தில்தான் அது உறைத்தது. 2021 ஜனவரி 16-ல் தடுப்பூசி தொடங்கியபோது அங்கன்வாடி ஊழியர்கள் முதல் வரிசையிலேயே இருந்தார்கள். பள்ளி ஆசிரியர்களுக்குத் தனி வரிசை இல்லை. வயதுப்படி காத்திருந்தார்கள். 45 தாண்டியவர்களுக்கு ஏப்ரலில், 18 தாண்டியவர்களுக்கு மே மாதத்தில். ஆகஸ்ட் கடைசியில்தான் மத்திய அரசு 2 கோடிக்கும் மேல் கூடுதல் டோஸ் ஒதுக்கி, செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்குள் எல்லா ஆசிரியர்களுக்கும் போட்டுவிடச் சொன்னது. தமிழ்நாட்டிலும் டெல்லியிலும் 9 முதல் 12 வரை வகுப்புகள் திறந்தது அந்த செப்டம்பர் 1-ல்தான்.

கொரோனாவோடு விஷயம் முடியவில்லை. தட்டம்மைக்கு அரசு அட்டவணையில் முதல் ஊசி 9-வது மாதம். கிரெஷ்ஷில் விடும் ஆறு மாதக் குழந்தைக்கு அந்தக் கவசம் இன்னும் வரவில்லை. கக்குவான் இருமல் பெரியவர்களுக்கு 'விடாத இருமல்', கைக்குழந்தைக்கோ உயிர் போகிற விஷயம்.

ரூபெல்லா இன்னொரு பக்கம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகா உள்ளிட்ட இடங்களில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா இயக்கம் 9 மாதம் முதல் 15 வயது வரைக்குத்தான். அப்போதே அந்த வயதைத் தாண்டியிருந்த பல டீச்சர்களுக்கு அது கிடைத்திருக்காது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் ரூபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். கர்ப்பமான பிறகு அந்த ஊசியைப் போடவும் கூடாது, முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும். ஆக இது அவர்களையும் காப்பதற்குத்தான்.

ஊரில் என்றால் பாட்டி பார்த்துக்கொள்வாள். இங்கே நாம் நம்புவது ஓர் ஆயாவை. அட்மிஷன் போடும்போது நம் குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்களே, ஊழியர்களுக்கு என்ன ஏற்பாடு என்று நாமும் மரியாதையாகக் கேட்கலாம். கேட்பதோடு நின்றால் அது அதிகாரம். குறைந்த சம்பளக்காரருக்கு ஒரு நாள் லீவும் சம்பள இழப்புதான், ஊசி விலையும் பாரம்தான். டாக்டரைப் பார்க்கச் சம்பளத்தோடு லீவு கொடுக்கும்படி நிர்வாகத்திடம் பேசி, ஊசிச் செலவைப் பெற்றோர்கள் பகிர்ந்துகொள்ளலாம். நாமும் நம் பூஸ்டர்களைப் போட்டுக்கொண்டு போய்க் கேட்டால் இன்னும் நல்லது. ஹாஃப்கின் காட்டிய வழி அதுதானே!