பக்கத்து வீட்டுச் சாவி

கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க மக்களே. உங்க வீட்டுச் சாவியை பக்கத்து வீட்டுக்காரங்க கையில குடுத்துடறீங்க. அவங்க வீட்டுச் சாவி உங்க கையில. ரெண்டு நாள் டைம். அவங்க ஹாலை நீங்க மாத்தணும், உங்க பெட்ரூமை அவங்க மாத்துவாங்க. நடுவுல போய் எட்டிப் பார்க்கக் கூடாது. ரெண்டாவது நாள் சாயந்திரம் கண்ணை மூடிக்கிட்டு உங்க வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க. கண்ணைத் திறந்தா என்ன இருக்குமோ, அதுதான் இனிமே உங்க ரூம். மூஞ்சி எப்படி மாறுதுன்னு ஊரே டிவியில பார்க்கும்.

எவன் ஒத்துக்குவான்னு கேக்கறீங்களா? இங்கிலாந்துல எட்டு வருஷம் க்யூவில நின்னாங்க. 1996 செப்டம்பர்ல பிபிசி 2 சேனல்ல ஆரம்பிச்ச 'சேஞ்சிங் ரூம்ஸ்' நிகழ்ச்சியைத்தான் சொல்றேன். 1998ல பிபிசி 1க்கு மாறி, 2004 வரைக்கும் ஓடிச்சு. ஒரு கோடிப் பேருக்கு மேல பார்த்த இரவுகள் எல்லாம் உண்டு. சும்மா பெயின்ட் அடிக்கற நிகழ்ச்சிதானேன்னு தள்ளிட முடியாது. அதுக்குப் பின்னாடி ஒரு நாட்டோட வீட்டுக் கதையே இருக்கு.

வீட்டு வேலை டிவிக்கு வந்த கதை

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் இங்கிலாந்துல குண்டு விழுந்த வீடுகள் ஏராளம், ரிப்பேர் பண்ண ஆள் பஞ்சம். நம்ம கையே நமக்கு உதவின்னு ஜனங்க சுத்தியலைத் தூக்கினாங்க. 1950கள்ல அவங்களுக்கு டிவியில வாத்தியாரா வந்தவர் பாரி பக்னெல். நேரடி ஒளிபரப்பு, அதனால தப்பாப் போற வேலையும் அப்படியே ஒளிபரப்பாகும். அதையும் ஜனங்க ரசிச்சாங்க. 1962ல பிபிசியே லண்டன் ஈலிங் பகுதியில ஒரு பாழடைஞ்ச வீட்டை வாங்கி, அதை அவர் வாராவாரம் சரிபண்றதை 'பக்னெல்ஸ் ஹவுஸ்'னு தொடரா போட்டாங்க.

அவர் சொல்லிக் குடுத்த முக்கியமான வித்தை என்ன தெரியுமா? பழைய விக்டோரியா காலத்து வேலைப்பாடுள்ள கதவு மேல ஹார்ட்போர்ட் பலகையை ஆணியடிச்சு வழவழன்னு ஆக்கறது. அந்தக் காலத்துக்கு அதுதான் நவீனம். அடுத்த தலைமுறை வந்து அந்தப் பலகையைப் பிச்சுப் பிச்சுத் தூக்கிப் போட்டு, உள்ள இருக்கிற பழைய கதவைத் தேடிச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் ஒரு அடுப்பங்கதை வரும்.

(இதே பக்னெல்தான் ஜாக் ஹோல்ட்டோட சேர்ந்து வீட்டிலேயே செஞ்சுக்கக் கூடிய 'மிரர்' பாய்மரப் படகையும் வடிவமைச்சவர். சிவப்புப் பாய் கட்டின அந்த குட்டிப் படகை உலகம் பூரா ஜனங்க கட்டியிருக்காங்க. மனுஷன் சும்மா இல்ல!)

ஏன் 1996?

பக்னெல் காலத்துல வீட்டை மாத்தறதுன்னா ரிப்பேர். 1996ல அது அலங்காரம். நடுவுல நாலு விஷயம் நடந்துச்சு.

ஒண்ணு, 1980ல தாட்சர் அரசு கொண்டு வந்த வீட்டுவசதிச் சட்டம். அதுவரைக்கும் நகராட்சி வீட்டுல வாடகைக்கு இருந்தவங்க, அதே வீட்டை தள்ளுபடி விலையில வாங்கிக்கலாம்னு ஆச்சு. பதினைஞ்சு வருஷத்துக்குள்ள 10 லட்சத்துக்கும் மேல வீடுகள் கைமாறிச்சு. நகராட்சி வீடுன்னா கதவு கலரைக் கூட அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. சொந்த வீடானதும் ஜனங்க முதல்ல மாத்தினது பெரும்பாலும் வாசக்கதவைத்தான். 'இது என் வீடு'ன்னு தெருவுக்குச் சொல்ல அதைவிட சுலபமான வழி வேற இல்ல.

ரெண்டு, கடை. 1969ல சவுத்தாம்ப்டன்ல பிளாக், குவேல்னு ரெண்டு பேர் ஆரம்பிச்ச 'பி அண்ட் க்யூ' கடை 80கள்ல நாடு முழுக்கப் பரவிச்சு. பெயின்ட், பலகை, டிரில் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. ஆனா ஞாயித்துக்கிழமை பெரிய கடை திறக்கத் தடை இருந்துச்சு. வீட்டு வேலை பண்ற ஜனத்துக்கு ஞாயிறுதானே நாள்! இந்தக் கடைக்காரங்க ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போய் சண்டை போட்டாங்க. கடைசியா 1994ல நாடாளுமன்றம் சட்டத்தை மாத்தி, பெரிய கடைகள் ஞாயித்துக்கிழமை ஆறு மணி நேரம் திறக்கலாம்னு சொல்லிச்சு.

மூணு, வீட்டு விலை. 90களோட தொடக்கத்துல விலை படுத்துடுச்சு. வாங்கின கடனை விட வீட்டோட மதிப்பு கம்மின்னு லட்சக்கணக்கான குடும்பங்க மாட்டிக்கிட்டு முழிச்சாங்க. வித்துட்டு வேற வீட்டுக்குப் போக வழியில்ல. இருக்கிற வீட்டையே அழகு பண்ணிக்க வேண்டியதுதான்.

நாலாவது விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதே 1996ல ஐகியா கம்பெனி இங்கிலாந்துல ஒரு விளம்பரம் விட்டுச்சு. பெண்கள் எல்லாம் கூட்டமா வந்து, வீட்டுல இருக்கிற பூப்போட்ட சின்ட்ஸ் திரைச்சீலை, சோபா உறையை எல்லாம் குப்பைத் தொட்டியில எறியற மாதிரி. பழைய பூத்துணியைத் தூக்கிப் போடுங்கன்றதுதான் சேதி.

அந்த சின்ட்ஸ் எங்கேர்ந்து போச்சுன்னு நினைக்கறீங்க? நம்ம சோழமண்டலக் கரையிலேர்ந்துதான் மக்களே! மசூலிப்பட்டினம், பழவேற்காடு பக்கமெல்லாம் கையால சாயம் தீட்டின பருத்தித் துணி 17ஆம் நூற்றாண்டுல கப்பலேறிப் போய் லண்டன் வீடுகளைப் பிடிச்சுடுச்சு. அங்க இருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் வயித்துல அடி. நாடாளுமன்றம் 1721ல ஒரு சட்டமே போட்டு, அச்சடிச்ச பருத்தித் துணியை உடுத்தக் கூடாது, வீட்டு சாமான்களுக்கும் போடக் கூடாதுன்னு தடுத்துச்சு. அப்புறம் அவங்களே மில்லுல அதே மாதிரி அச்சடிக்கக் கத்துக்கிட்டு, ரோஜாப்பூ போட்டு, 'அக்மார்க் இங்கிலீஷ் பாணி'ன்னு ஆக்கிட்டாங்க. அதைத்தான் 1996ல குப்பையில போடச் சொன்னாங்க. ஒருத்தர் வீட்டு ஜன்னல்ல என்ன துணி தொங்கணும்னு அடுத்தவங்க முடிவு பண்றது டிவி கண்டுபிடிச்ச விஷயம் இல்ல :-)

500 பவுண்ட், ரெண்டு நாள், எம்.டி.எஃப்

'சேஞ்சிங் ரூம்ஸ்' பீட்டர் பேசல்ஜெட்டோட கம்பெனி தயாரிச்சது. (லண்டனுக்குப் பாதாளச் சாக்கடை கட்டின ஜோசப் பேசல்ஜெட்டோட வம்சாவளி.) தொகுப்பாளர் கரோல் ஸ்மிலி. தச்சர் 'ஹேண்டி ஆண்டி'. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டிசைனர். அவங்கள்ல ஸ்டார் யாருன்னா லாரன்ஸ் லெவலின்-போவன். நீள முடி, வெல்வெட் கோட்டு, மணிக்கட்டுல சுருக்கு வெச்ச சட்டைன்னு ராஜா காலத்து நாடகத்துலேர்ந்து எழுந்து வந்த மாதிரி இருப்பார்.

பட்ஜெட் ஒரு ரூமுக்கு 500 பவுண்ட். ரெண்டு நாள்ல முடிக்கணும். இந்த ரெண்டு கட்டுப்பாடும் சேர்ந்துதான் எம்.டி.எஃப் பலகையை ஹீரோ ஆக்கிச்சு. மர நாரை ஆவியில வேக வெச்சுப் பிரிச்சு, பிசின் கலந்து, சூடா அழுத்திச் செய்யற பலகை அது. மரத்துல இருக்கிற மாதிரி ரேகையும் கிடையாது, முடிச்சும் கிடையாது. அதனால எந்தப் பக்கம் வளைச்சு அறுத்தாலும் பிசிறு இல்லாம வரும், பெயின்ட்டும் ஒட்டும். விலையும் கம்மி. ஆனா தண்ணி பட்டா ஊதிடும், ஓரத்துல ஸ்க்ரூ நிக்காது, பாரம் வெச்சா நாளடைவுல தொய்யும். கேமராவுக்கு ஒரு சாயந்திரம் அழகா நின்னா போதும்ன்ற வேலைக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது. ஒரு வருஷம் கழிச்சு அந்த அலமாரி எப்படி இருக்குன்னு பார்க்க கேமரா திரும்பி வரப் போறதில்லையே. சாஃப்ட்வேர் ஆசாமிகளுக்குப் புரியும்: டெமோவுக்கு ஓடினா போதும், மெயின்டனன்ஸ் கஸ்டமர் தலையில.

2000 வாக்குல நடந்த டீபாட் கதை இன்னிக்கும் அங்க பிரபலம். ஒரு வீட்டம்மா வருஷக்கணக்கா சேர்த்து வெச்ச பழைய தேநீர்க் கெண்டிகள், மதிப்பு சுமார் 6000 பவுண்ட். அதை அழகா வைக்க டிசைனர் லிண்டா பார்க்கர் மேலேர்ந்து தொங்கற மாதிரி ஒரு அலமாரி போட்டார். கெண்டிகளை அடுக்கி, புத்தகங்களையும் வெச்சாச்சு. ராத்திரி யாரும் இல்லாதப்போ மொத்தமும் கீழ விழுந்து தூள் தூள். 500 பவுண்ட் ரூம்ல 6000 பவுண்ட் சாமான் போச்சு!

எனக்கு இதுல உறைக்கிறது பணம் இல்ல. அந்த அலமாரி வேணும்னு அந்தம்மா கேக்கவே இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்களும் டிசைனரும் நல்ல எண்ணத்துலதான் பண்ணினாங்க. ஆனா அந்தக் கெண்டிகள் மேல யாருக்கு அக்கறை அதிகமோ, அவங்க ஒருத்தர்தான் அந்த ரூமுக்குள்ள வர அனுமதி இல்லாம வெளிய நின்னாங்க. அதுதானே ஆட்ட விதி.

அட்லாண்டிக் தாண்டி

அமெரிக்காவுல 2000ல டிஎல்சி சேனல் இதை 'ட்ரேடிங் ஸ்பேசஸ்'னு எடுத்துச்சு. டிஎல்சியோட பூர்வீகமே ஒரு வேடிக்கை. 1972ல அமெரிக்க அரசுத் துறையும் நாசாவும் சேர்ந்து செயற்கைக்கோள் வழியா கல்வி புகட்ட ஆரம்பிச்சது. அப்புறம் தனியார் கைக்குப் போய் 'தி லேர்னிங் சேனல்' ஆகி, 1991ல டிஸ்கவரி வாங்கிச்சு. ராக்கெட் விட்ட கையால ரூமுக்கு பெயின்ட்!

இங்க பட்ஜெட் 1000 டாலர். 2001ல தொகுப்பாளரா வந்த பெய்ஜ் டேவிஸும், தச்சர் டை பென்னிங்டனும் வீட்டுக்கு வீடு தெரிஞ்ச முகம் ஆனாங்க. 2001 செப்டம்பருக்கு அப்புறம் ஜனங்க வெளிய போகப் பயந்து வீட்டோட அடைஞ்சதும் நிகழ்ச்சி எகிறினதுக்கு ஒரு காரணம்னு சொல்லுவாங்க. இருக்கலாம்.

டிசைனர்கள் அடிச்ச கூத்துக்கு அளவே இல்ல. ஹில்டி சான்டோ-டோமஸ் ஒரு வீட்டு சுவர் முழுக்க வைக்கோலை ஒட்டினார். இன்னொரு வீட்டு பாத்ரூம் சுவர்ல ஆயிரக்கணக்கான துணிப்பூக்களை ஸ்டேப்ளர் வெச்சு அடிச்சார். எல்லாத்தையும் விடப் பேசப்பட்டது டக் வில்சன் பண்ணின ஒரு ரூம். அந்த வீட்டுக்காரங்க வாய்விட்டுச் சொன்ன ஒரே விஷயம், கணப்படுப்பைத் தொடாதீங்கன்றது. அவர் அந்த செங்கல் கணப்படுப்பைப் பலகை போட்டு மூடிட்டார். அந்தம்மா ஒரு வார்த்தை குறை சொல்லாம, நாகரிகமா எழுந்து உள்ள போயிட்டாங்க. சட்டையில மாட்டின மைக் மட்டும் ஓடிட்டு இருந்துச்சு. அவங்க உள்ள அழற சத்தம் அப்படியே ஒளிபரப்பாச்சு.

1962ல பக்னெல் கதவுல அடிச்ச ஹார்ட்போர்ட் ஞாபகம் வருதா? நாப்பது வருஷம் கழிச்சும் அதே கதைதான், பழசை மூடினா நவீனம். ஒரே வித்தியாசம், பக்னெல் சொன்னதைக் கேட்டு உங்க கதவுல நீங்கதான் ஆணியடிச்சுக்கிட்டீங்க. உங்களுக்கு வேணாம்னா சுத்தியலைக் கீழ வெச்சுடலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் எங்க போனார்?

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையில முக்கியம்னு எனக்குத் தோணுது. 2000ல சேனல் 4ல 'லொகேஷன் லொகேஷன் லொகேஷன்', 2001ல 'ப்ராப்பர்ட்டி லேடர்'னு புது நிகழ்ச்சிகள் வந்துச்சு. இங்கிலாந்துல வீட்டு விலை ஏற ஆரம்பிச்சிருந்த நேரம். இப்போ கேள்வி 'ரூம் அழகா இருக்கா'ன்றது இல்ல, 'எவ்வளவுக்கு விக்கும்'ன்றது. முகம் தெரியாத ஒரு வாங்குபவனுக்காக சுவருக்கு வெள்ளையும் சந்தனக் கலரும் அடிக்கற காலம் வந்துடுச்சு. விலை பேசற இடத்துல பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன வேலை?

அமெரிக்காவுல டை பென்னிங்டன் 2003 டிசம்பர்ல 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்' தொகுக்கப் போயிட்டார். அதுல ரூம் இல்ல, ஏழு நாள்ல முழு வீடே. கஷ்டப்படற குடும்பத்துக்கு கம்பெனிகள் தயவுல மாளிகை. அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு என்ன வேலைன்னா, தெருவுல கூட்டமா நின்னு, வீட்டை மறைச்சிருக்கிற பஸ்ஸை நகர்த்தச் சொல்லிக் கத்தறது. சாவி வாங்கி உள்ள போன ஆளை வாசல்ல நிக்கற கும்பல் ஆக்கிட்டாங்க. மாளிகை கிடைச்ச சில குடும்பங்க வரியும் செலவும் கட்ட முடியாம தவிச்சதும், 2008ல ஜார்ஜியா மாநிலத்துல அப்படி ஒரு வீடு கடனுக்காக ஏலத்தோட விளிம்புக்கு வந்ததும் அப்புறமா வந்த செய்தி.

'சேஞ்சிங் ரூம்ஸ்' 2004ல முடிஞ்சது, 'ட்ரேடிங் ஸ்பேசஸ்' 2008ல. ரெண்டுமே திரும்ப வந்துச்சு. அமெரிக்கால 2018ல, 2000 டாலர் பட்ஜெட்டோட. இங்கிலாந்துல 2021ல சேனல் 4ல, லெவலின்-போவனோடவே. ரெண்டும் ரெண்டே சீசன். ஏன் நிக்கலைன்னு எனக்குத் தோணறது இதுதான்: பக்கத்து வீட்டுக்காரர் கையில சாவி குடுக்க முதல்ல அவர் பேர் தெரிஞ்சிருக்கணும். ரூம் பாழாப் போனாலும் மறுநாள் வேலிக்கு மேல முகம் பார்த்துப் பேசணும். அந்த அழுத அம்மாவும், கெண்டி உடைஞ்ச அம்மாவும் நாகரிகமா நடந்துக்கிட்டதுக்குக் காரணம் கேமரா மட்டும் இல்லன்னு நான் நினைக்கிறேன். வைக்கோலைச் சுரண்டி எடுத்துடலாம். அந்தச் சாவியைக் குடுக்கற மனசைத்தான் ஸ்டுடியோவுல செட் போட்டு எடுக்க முடியாது.

சரி, நீங்க சொல்லுங்க. உங்க சாவியை எந்த வீட்டுல குடுப்பீங்க? அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்னு தெரியுமா? பின்னூட்டத்துல எழுதுங்க.

கொசுறு: லாரன்ஸ் லெவலின்-போவனை நம்ம வீட்டுக்குக் கூப்பிட்டா பூஜை ரூமுக்கு ஊதா வெல்வெட் உத்தரவாதம். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டாதீங்க :-))