தாத்தாவின் காக்கிச் சட்டை எந்தப் படையினுடையது?



உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கலாம். பழைய பிஸ்கட் டின்னிலோ அலமாரியின் அடித்தட்டிலோ கிடக்கும். காக்கி உடை, இடுப்பில் வார், விறைப்பாக நிற்கும் ஓர் இளைஞர். யார் என்று கேட்டால், "உங்க கொள்ளுத்தாத்தா. நேதாஜி படையில இருந்தாரு" என்று பதில் வரும். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

என் மாணவி ஒருத்தி அப்படிப்பட்ட படத்தை இடுபணிக்காகக் கொண்டுவந்தாள். முதல் வரியிலேயே, 'என் கொள்ளுத்தாத்தா இந்திய தேசிய இராணுவ வீரர்' என்று எழுதியிருந்தாள். சான்று என்ன என்று கேட்டேன். "சட்டைக் கையில புலி இருக்குல்ல சார், அதான் ஐ.என்.ஏ." என்றாள். உண்மையைச் சொன்னால், அன்று நானும் தலையாட்டிவிட்டேன்.

மறுவாரம் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோதுதான் அந்தப் புலி பாயவில்லை என்பது தெரிந்தது. ஒரு முக்கோணத்துக்குள்ளிருந்து அது வெளியே நடந்து வந்துகொண்டிருந்தது. அது பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தின் 26ஆவது இந்திய டிவிஷனுடைய சின்னம். பர்மாவின் அரக்கான் பகுதியில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட படை அது. நேதாஜியின் படை எந்தப் பக்கம் நின்றதோ, அதற்கு எதிர்ப்பக்கம்.

புலி என்றாலே நேதாஜி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? மூவர்ணத்தின் மேல் பாயும் புலி, அவர் ஜெர்மனியில் திரட்டிய படையினரின் கைச்சின்னம். மலாயாவிலிருந்து சேர்ந்தவர் அதை அணிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம் ஊர்ப் படங்களில் தேடவேண்டியது வேறு: பிரிக்கப்படாத இந்தியாவின் வரைபடம், அதோடு ஐ.என்.ஏ. என்ற எழுத்துகள், 'இத்தெஃபாக், இத்மாத், குர்பானி' என்ற சொற்கள். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள். இதே மூன்று சொற்களைச் சிங்கப்பூர் எஸ்பிளனேடில் எழுப்பிய ஐ.என்.ஏ. நினைவுச்சின்னத்திலும் பொறித்திருந்தார்கள். 1945 ஜூலை 8இல் நேதாஜி அதற்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை இடித்துத் தள்ளினார்கள். கல்லுக்கே அந்தக் கதி என்றால், வீட்டில் அந்தச் சின்னத்தோடு படம் வைத்திருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? சில குடும்பங்களில் படமே இல்லாமல் கதை மட்டும் மிஞ்சியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது சட்டைக்கு வருவோம். சட்டையை மட்டும் பார்த்துப் படையைச் சொல்ல முடியாது. ஏன் என்பதை மாணவர்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் இந்தியப் போர்க்கைதிகளைத் திரட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் பலர் மோகன் சிங் தலைமையில் உருவான முதல் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள். புதுச் சீருடை தைக்க அப்போது யாரிடம் துணி இருந்தது? அதே காக்கி, அதே வார், அதே பூட்ஸ். மாறியது சின்னம் மட்டுமே. ஜனவரியில் ஒரு படம், டிசம்பரில் ஒரு படம் என்று ஒரே ஆள் ஒரே சட்டையில் இரண்டு படைகளில் நின்றிருக்கலாம்!

1943இல் நேதாஜி வந்த பிறகு நிலைமை மாறியது. பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அதற்கு முன் துப்பாக்கியையே தொட்டிராதவர்கள் அவர்கள். ஆகவே 'தாத்தா தோட்டத்துல வேலை செஞ்சவரு, அவருக்கு ஏது பட்டாளம்?' என்று யாராவது கேட்டால், உங்களிடம் பதில் இருக்கிறது.

பெண் ஒருவர் சீருடையில் இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். கால்சட்டை, சட்டை, படகு போல மடித்த தொப்பி, கத்தரித்த முடி என்றால் அது ஜான்சி ராணிப் படையாக இருக்கலாம். அதன் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் தொடங்கியது. தலைமை தாங்கியவர் சென்னையிலிருந்து வந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் அதில் முக்கியப் பொறுப்பு வகித்தார். சேலையைத் தவிர வேறு உடுத்தியிராத தோட்டத்துப் பெண் பிள்ளைகள் கால்சட்டை போட்டு அணிவகுத்தார்கள் என்பதை இன்றைய மாணவிகளுக்குச் சொன்னால், வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். ஆனால் தாதிகளும் சாரணியரும்கூடச் சீருடை அணிந்தவர்கள்தாம். தொப்பிச் சின்னம் தெரியாமல் முடிவு கட்டாதீர்கள்.

ஆண்களின் படங்களிலும் இதே சிக்கல் உண்டு. காவல்துறை, இரயில்வே, அவசரகாலத்துச் சிறப்புக் காவலர் என்று காக்கி போட்டவர்கள் பலர். சின்னத்தில் கிரீடம் இருந்தால் அதன் வடிவத்தைக் கவனியுங்கள். மேல்வளைவு உருண்டையாக எழுந்து நின்றால், எலிசபெத் அரசிக்கு முந்திய அரசர்கள் காலத்துக் கிரீடம். நடுவில் சற்றுக் குழிந்திருந்தால் அரசியின் காலம். அப்படியென்றால் படம் போர்க்காலத்தது அல்ல.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். தோளுக்குக் கீழே சட்டைக் கையில் தைத்திருக்கும் துணிச் சின்னம் பெரும்பாலும் டிவிஷனைக் காட்டும், ரெஜிமெண்டைக் காட்டாது. ஒரு டிவிஷனுக்குள் பல ரெஜிமெண்டுகளின் பட்டாலியன்கள் இருக்கும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு வட்டம் என்றால் 5ஆவது இந்திய டிவிஷன். 1945 செப்டம்பரில் சிங்கப்பூருக்கு வந்த படை அது. ரெஜிமெண்ட் தெரியவேண்டுமானால் தொப்பிச் சின்னத்தையும் தோள்வாரில் உள்ள பித்தளை எழுத்துகளையும் படிக்க வேண்டும். கையில் 'வி' வடிவப் பட்டை ஒன்று லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். இது பதவியை மட்டும் சொல்லும்.

நிறத்தை நம்பிவிடாதீர்கள். பழைய படச்சுருள்களில் சில சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளுப்பாகவும் காட்டும். படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கவும் கூடும். ஆண்கள் சட்டையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வந்து பொத்தான் விழும், பதக்கப் பட்டைகள் இடது மார்பில் இருக்கும். இரண்டும் மாறியிருந்தால் படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பிறகு பின்பக்கம். இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்டூடியோ முத்திரையில் 'சியோனான்' என்று இருந்தால் அது ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வைத்த பெயர். படம் 1942க்கும் 1945க்கும் இடைப்பட்டது. 2603 என்று ஓர் எண் இருந்தால் அதைப் பட வரிசை எண் என்று தள்ளிவிடாதீர்கள். ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் அது 1943. அந்த எண்ணிலிருந்து 660ஐக் கழித்தால் போதும்.

சரி, அந்த மாணவி என்ன எழுதினாள்? பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் தவித்தாள். "தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளம்னு சொன்னா பாட்டி அழுவாங்க சார்." நான் ஒன்றைத்தான் கேட்கச் சொன்னேன்: எந்தப் படை என்று தாத்தாவே சொன்னாரா, பிறர் சொன்னார்களா? பாட்டி யோசித்துவிட்டு, "அவரு பட்டாளத்தப் பத்தி வாயே தொறக்க மாட்டாரு. நேதாஜி படைன்னு சொன்னது எங்கண்ணன்" என்றாராம். அழவில்லை. தாத்தா போர் முடிந்த பிறகுதான் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்தார் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

இடுபணியில் அவள் இரண்டையும் எழுதினாள். படத்தில் தெரிவது 26ஆவது டிவிஷனின் சின்னம், குடும்பத்தில் வழங்குவது ஐ.என்.ஏ. என்ற கதை, இரண்டாவதற்கு இதுவரை எழுத்துச் சான்று இல்லை. தேர்வில் மூலத்தை மதிப்பிடச் சொல்லும் கேள்விக்கும் விடை இப்படித்தான் அமைய வேண்டும்: கண்ணால் கண்டது ஒரு வாக்கியம், அதிலிருந்து ஊகித்தது மறுவாக்கியம், வாய்மொழியாகக் கேட்டது தனி வாக்கியம்.

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் படத்தை எடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே படம் பிடித்துக்கொள்ளுங்கள். தனியாக இருந்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள். இருப்பவர்களின் பெயரைப் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள், பேனா வேண்டாம். எழுதுவதற்கு முன் பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.