லண்டன் சுரங்க ரயிலும் பயணிக்குச் சொன்ன சொல்லும்

1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே மக்கள் பயணத்துக்குத் திறக்கப்பட்ட மெட்ரோபாலிடன் ரயில்வேயே உலகின் முதல் சுரங்க ரயில் பாதையாகும். அடுத்த நாற்பது ஆண்டுகளில் லண்டன் மண்ணுக்கடியில் தனித்தனி நிறுவனங்கள் தத்தம் பாதைகளை அமைத்துக்கொண்டன. ஆயினும், ஒரு பாதையில் ஏறியவர் எங்கே இறங்கி எந்த வண்டிக்கு மாற வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டிய கடமை தமக்கு உண்டு என்று அவற்றுள் பெரும்பாலானவை கருதியதாகத் தெரியவில்லை. 1890இல் தேம்ஸ் நதிக்கு அடியில் மின்சாரத்தால் ஓடத் தொடங்கிய சிட்டி அண்ட் சவுத் லண்டன் பாதையின் பெட்டிகளில், சுரங்கத்துக்குள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணத்தில், கூரையை ஒட்டிய குறுகிய சாளரங்களே வைக்கப்பட்டிருந்தன. ஆகவே, பெட்டிகளின் வாயிற்கதவைத் திறந்து மூடிய ஊழியர் உரக்கக் கூவிய நிலையப் பெயரே, தாம் எங்கே இருக்கிறோம் என்பதைப் பயணி அறிந்துகொள்ளக் கிடைத்த வழியாயிற்று.

இந்நிலை மாறியதற்கு முதற்காரணம் வருவாய்க் குறை. சார்லஸ் யெர்க்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டாளரின் முயற்சியால் 1906, 1907ஆம் ஆண்டுகளில் மூன்று ஆழ்சுரங்கப் பாதைகள், அதாவது சாலைகளையும் கட்டடங்களையும் தொடாமல் களிமண் அடுக்கைக் குடைந்து அமைக்கப்பட்ட குழாய் வடிவப் பாதைகள், ஒரே நிர்வாகத்தின்கீழ்த் திறக்கப்பட்டன. அவற்றில் பயணம் செய்தோர் தொகை மதிப்பிட்டதைவிட மிகக் குறைவாக இருந்ததால் நிர்வாகம் திவாலின் விளிம்புவரை சென்றது. 1908இல் போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடி, 'அண்டர்கிரவுண்ட்' என்ற பொதுப்பெயரையும் எல்லாப் பாதைகளையும் ஒருங்கே காட்டும் வரைபடத்தையும் ஏற்றுக்கொண்டன. அதே ஆண்டில் விளம்பரப் பொறுப்பு ஃப்ராங்க் பிக் என்பவரிடம் வந்தது. சட்டம் பயின்றவரான அவர் விளம்பரத் துறையில் முன் அனுபவம் இல்லாதவர். ஆயினும், பயணியின் கண்ணில் படுவதையெல்லாம் நிறுவனம் அவனுக்குச் சொல்லும் சொல்லாகவே கருதியதுதான் அவருடைய தனிச்சிறப்பு.

அந்நாளில் நிலையச் சுவர்களில் சோப்பு, மருந்து, மதுபான விளம்பரங்களுக்கு நடுவே நிலையத்தின் பெயரும் ஒரு சுவரொட்டிபோலக் கலந்து கிடந்தது. பிக் விளம்பரங்களை அவற்றுக்கென வகுத்த சட்டகங்களுக்குள் ஒதுக்கி, சிவப்பு வட்டத்தின் குறுக்கே நீலப் பட்டை அமைத்து அதில் நிலையப் பெயரை எழுதச் செய்தார். இன்று லண்டன் போக்குவரத்தின் முத்திரையாக உலகம் அறிந்திருக்கும் அவ்வடிவம், வண்டி நின்ற சில நொடிகளுக்குள் பயணி தன் நிலையத்தை அடையாளம் காண வேண்டும் என்ற எளிய தேவையிலிருந்து உருவானது. பின்னர் எட்வர்ட் ஜான்ஸ்டன் என்ற எழுத்துக்கலைஞர், அறிவிப்புகள் அனைத்துக்கும் பொதுவானதொரு எழுத்துருவை 1916இல் வரைந்து கொடுத்தார். பழைய ரோமானியக் கல்வெட்டு எழுத்துகளின் அளவுகளை அடியொற்றி, அலங்காரக் கால்கள் ஏதுமின்றி அமைந்த அவ்வெழுத்துருவின் திருத்தப்பட்ட வடிவமே இன்றுவரை புழங்குகிறது.

எனினும், பயணிக்குச் செய்தி சொல்லும் வரலாற்றில் இவற்றினும் பெரிய திருப்பத்தை உண்டாக்கியவர் சமிக்ஞைப் பொறியாளர் அலுவலகத்தில் வரைவாளராக வேலை பார்த்து, ஆட்குறைப்பில் அவ்வேலையை இழந்திருந்த ஹாரி பெக். அவருக்கு முந்தைய வரைபடங்கள் புவியியல் தொலைவைப் பெரும்பாலும் அப்படியே காட்டியதால், நிலையங்கள் நெருங்கிய நகர மையம் படிக்க முடியாத சிக்கலாகவும் புறநகர்ப் பகுதி வெற்றிடமாகவும் தோன்றின. நிலத்தடியில் செல்பவருக்குத் தொலைவோ திசையோ முக்கியமல்ல, நிலையங்களின் வரிசையும் மாறவேண்டிய இடமுமே முக்கியம் என்பதை உணர்ந்த பெக், கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகியவற்றை மட்டும் கொண்டு, மையத்தை விரித்தும் புறநகரைச் சுருக்கியும் 1931இல் ஒரு வரைபடத்தை அமைத்தார். தரைக்கு மேலுள்ளவற்றில் தேம்ஸ் நதியை மட்டுமே அவர் விட்டுவைத்தார். விளம்பரப் பிரிவு முதலில் அதை மறுத்துவிட்டு, அடுத்த ஆண்டில் சோதனைக்காகச் சிறிதளவு அச்சிட்டுப் பார்த்தது. 1933 ஜனவரியில் 7,50,000 படிகள் அச்சாகி மக்கள் கைக்குச் சென்றபோது, மேலட்டையிலேயே பயணிகளின் கருத்து கேட்கப்பட்டிருந்தது என்பது கவனத்துக்குரியது. நிறுவனத்துக்குள் ஐயத்தோடு பார்க்கப்பட்ட வரைபடத்தை நிலைபெறச் செய்தவர்கள் பயணிகளே. 2009இல் புதிய பதிப்பொன்றிலிருந்து தேம்ஸ் நதி நீக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும், சில மாதங்களில் நதி மீண்டும் இடம்பெற்றதும், அந்த உரிமையுணர்வு தேயவில்லை என்பதைக் காட்டின.

1933 ஜூலை 1 முதல் சுரங்க ரயில், பேருந்து, டிராம் ஆகிய அனைத்தும் லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியம் என்ற ஒரே பொது அமைப்பின்கீழ் வந்தன. ஆறாண்டுகளில் போர் வந்தது. 1940 செப்டம்பரில் குண்டுவீச்சு தொடங்கியபோது, சுரங்க நிலையங்களைப் புகலிடமாகக் கொள்ள வேண்டாம் என்றே அதிகாரபூர்வ அறிவிப்புகள் கேட்டுக்கொண்டன. மக்களோ குறைந்த விலைப் பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு இறங்கி, மேலே ஏறி வர மறுத்துவிட்டார்கள். அரசு பணிந்தது; படுக்கைகளும் உணவு விநியோகமும் ஏற்பாடாயின. ஸ்விஸ் காட்டேஜ் நிலையத்தில் தங்கியோர் 'தி ஸ்விஸ் காட்டேஜர்' என்ற செய்தித்தாளைத் தாமே வெளியிட்டார்கள். வாரியமோ பில்லி பிரவுன் என்ற கற்பனை மனிதரைக் கொண்டு எதுகைச் செய்யுள்களில் நன்னடத்தை போதித்தது. அப்போதனைத் தொனி பலருக்கு எரிச்சலூட்டியது. நெருக்கடியில் இருப்பவர்கள் அறிவுரையைவிடத் தகவலையே வேண்டுவார்கள் என்பதை அன்றைய நிர்வாகம் முழுவதும் உணரவில்லை.

அறிவிப்பின் குறை உயிர்களோடு தொடர்புடையது என்பதை 1987 நவம்பர் 18 அன்று கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நேர்ந்த தீ விபத்து காட்டியது. சுரங்க நிலையங்கள் அனைத்திலும் புகைபிடித்தல் 1985 முதல் தடைசெய்யப்பட்டிருந்தும், வெளியேறும் வழியில் எஸ்கலேட்டர் எனப்படும் நகரும் படிக்கட்டிலேயே சிகரெட் பற்றவைக்கும் பழக்கம் நீங்கவில்லை. அப்படி வீசப்பட்ட ஒரு தீக்குச்சி, மரத்தாலான படிக்கட்டுக்கு அடியில் சேர்ந்திருந்த மசகையும் குப்பையையும் பற்றவைத்ததாக விசாரணை முடிவு செய்தது. கீழ் நடைமேடைகளில் இருந்தவர்கள் வேறொரு தடத்தின் படிக்கட்டு வழியாக, மேலே பயணச்சீட்டு வழங்கப்படும் கூடத்துக்கு அனுப்பப்பட்டார்கள்; நெருப்பு ஒரு கணத்தில் முழு உருவெடுத்துப் பாய்ந்ததும் அக்கூடத்தில்தான். 31 பேர் மாண்டார்கள். டெஸ்மண்ட் ஃபெனல் தலைமையிலான விசாரணை 157 பரிந்துரைகளை அளித்ததோடு, ஊழியர் பயிற்சியின்மையையும் தகவல் தொடர்பின் குறைகளையும் கடுமையாகச் சுட்டியது. சுவரில் தடையை எழுதிவைத்தால் மட்டும் அது தடையாகிவிடாது. ஆபத்து வேளையில் எந்த வழி பாதுகாப்பானது என்பதை அறிந்தவரிடமிருந்து அறியாதவருக்குச் செய்தி நொடிகளுக்குள் சென்றாக வேண்டும்.

விரைவு மட்டும் போதாது என்பதற்கு 2005 ஜூலை 7 சான்றாகும். அன்று காலை மூன்று சுரங்க ரயில்களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் குண்டுகள் வெடித்தபோது, மின்னோட்டத்தில் ஏற்பட்ட திடீர் எழுச்சியே காரணம் என்றுதான் முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் ஒரு பேருந்திலும் குண்டு வெடித்தது. மொத்தம் 52 பேர் கொல்லப்பட்ட அந்நாளின் முதல் விளக்கம் தவறானது. கட்டுப்பாட்டு அறைகளுக்கு எட்டிய அரைகுறைச் செய்தியின் விளைவு அது. ஆயினும், அப்போதே சுரங்க ரயில் வலையமைப்பு முழுவதையும் நிறுத்தி மக்களை வெளியேற்றியது சரியான முடிவாகவே இருந்தது.

2003ஆம் ஆண்டு முதல் சுரங்க ரயிலுக்குப் பொறுப்பேற்றிருக்கும் லண்டன் போக்குவரத்து ஆணையம், ஒவ்வொரு தடத்தின் நிலையையும் 'நல்ல சேவை', 'சிறு தாமதம்', 'கடும் தாமதம்', 'பகுதி மூடல்', 'நிறுத்தம்' என்று பொருள்படும் சில சொற்களில் அடக்கி நாள் முழுவதும் வெளியிட்டுவருகிறது. இத்தகவல் அன்றாடம் திரைகளிலும் கைபேசிகளிலும் ஓடினாலும், நிலையங்களில் ஊழியர்கள் பேனாவால் எழுதும் வெள்ளைப் பலகைகளும் மறையவில்லை. பயணிக்குச் சொன்ன சொல்லுக்கு இன்று ஒரு விலையும் உண்டு. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட காரணத்தால் சுரங்க ரயில் பயணம் 15 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமானால், விண்ணப்பிக்கும் பயணிக்குக் கட்டணம் திருப்பித் தரப்படுகிறது.